வாசல்காரன் சொன்ன பெயர்

பலகை மேஜைமேல் குப்புறக் கிடந்தது. பஸ் நிறுத்தங்களில் தலைக்குமேல் தொங்கிக்கொண்டு, அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று சிவப்பு எழுத்தில் சொல்லும் பலகை. காலை ஏழு மணியிலிருந்து அது எதுவும் சொல்லவில்லை. முதுகு மூடியைக் கழற்றியிருந்தார்கள். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்க்யூட் அட்டை. அதிலிருந்து ஒரு வயர் மடிக்கணினிக்குப் போயிற்று.

"பாத்துக்கோங்க சார்," என்றாள் மூத்தவள். அந்த அலுவலகத்தில் புரோகிராம்களைப் பேக்கேஜ் கட்டுகிற வேலை அவளுடையது. "இந்த ஃபோல்டர்ல என்ன இருக்குன்னு கேக்கறேன்."

தட்டினாள். திரையில் ஒரே ஒரு பெயர் வந்தது: ஓட்டி. பலகையை ஓட்டுகிற புரோகிராம் அதுதான்.

"இருக்கா?"

"இருக்கு," என்றார் துப்பறிய வந்திருந்த பூட்டு.

"இப்ப அதையே ஓடுன்னு சொல்றேன்."

தட்டினாள். திரை பதில் சொன்னது: அப்படி ஒரு கோப்பு இல்லை.

மறுபடி கேட்டாள். இருக்கிறது. மறுபடி ஓட்டினாள். இல்லை.

"எங்க வீட்டுக்காரர் மாதிரி," என்றாள் அவரோடு வந்திருந்த வெடி. "ஞாயித்துக்கிழமை சோபால கண்ணுக்கு நேரா இருப்பாரு. ஒரு வேலைன்னு கூப்பிட்டா ஆள் இல்ல."

மூத்தவள் சிரிக்கவில்லை. பூட்டும் சிரிக்கவில்லை; அவர் எதற்குமே சிரிக்க மாட்டார். இருபது வருஷம் பூட்டுப் பழுதுபார்த்தவர். சாவியைத் தொலைத்துவிட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் சாவியைவிடப் பெரிய கதை ஒன்று இருப்பதைக் கண்டு துப்பறியும் தொழிலுக்கு மாறியவர். வாயும் பூட்டியே இருக்கும் என்பதால் பழைய தொழிலே பெயராக ஒட்டிக்கொண்டது. வெடி அவருடைய உதவியாளர். நாற்பது வயது. ஒரு தொலைபேசி நிறுவனத்தில் புகார் வாங்கும் நாற்காலியில் பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்தாள். அங்கே அடக்கிவைத்த பதில்களையெல்லாம் இப்போதுதான் செலவழித்துக்கொண்டிருந்தாள்.

"மொத்தம் நானூத்துப் பன்னெண்டு பலகை சார். காலைல ஏழு மணிக்குப் புது புரோகிராம் போச்சு. முன்னூத்தி அறுபத்தஞ்சு நல்லா ஓடுது. நாப்பத்தேழு மட்டும் இருட்டு," என்றாள் மூத்தவள்.

"யார் மேலயாவது சந்தேகம் உண்டா?"

"சந்தேகம் என்ன சந்தேகம், நிச்சயம். என் ஓரகத்தி."

வெடி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என் கொழுந்தன் பொண்டாட்டி. ரெண்டு வருஷம் முன்னாடி நான்தான் கையப் பிடிச்சு இங்க சேத்துவிட்டேன். வீட்ல மாடி அவங்களுக்கு, கீழ எங்களுக்கு. இங்கயும் அதே கதை. மாடில ஜன்னலோரம் அவ சீட்டு. கீழ ஏசி ஒழுகற மூலைல என் சீட்டு. அவ காலைல என் கொழுந்தன் வண்டில ஜம்முனு வந்து இறங்குவா. நான் பஸ்ல தொங்கிக்கிட்டு வரணும். நான் கட்டற பேக்கேஜைப் பலகைல இறக்கி வெக்கிற இன்ஸ்டாலர் மட்டும்தான் அவ எழுதறது. ஆனா கைதட்டல் யாருக்கு?"

"அவங்களுக்கு," என்றாள் வெடி, மிகுந்த அக்கறையோடு.

"இன்னிக்கு நாலு மணிக்கு மேனேஜர் புது புரோகிராமை வெளியிடற ரிலீஸ் டீமுக்குத் தலைவி யாருன்னு சொல்லப்போறாரு. ஒண்ணு நான், இல்லாட்டி அவ. இன்னிக்குன்னு பாத்து நான் கட்டின பேக்கேஜ் நாப்பத்தேழு இடத்துல விழுந்துச்சுன்னா யாருக்கு லாபம்? அவதான் உள்ள பூந்து எதையோ மாத்தியிருக்கா." அவள் கைப்பேசியைக் காட்டினாள். "புகார் டைப் பண்ணி ரெடியா வெச்சிருக்கேன். நாலு மணிக்குள்ள நீங்க ஆதாரம் குடுத்தா ஆதாரத்தோட போகும். குடுக்கலன்னா சும்மாவே போகும்."

"போனா?"

"அவ வேலை போகும்."

சுவரில் மணி பன்னிரண்டு ஆகிக்கொண்டிருந்தது. பூட்டு பலகையைப் பார்த்தார். "இந்தக் கோப்பை யாராவது தொட்டாங்களான்னு தெரிஞ்சுக்க வழி உண்டா?"

வழி இருந்தது. ஒரு கோப்பில் உள்ள எல்லா எழுத்துகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நீளமாக ஓர் எண் வரும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். கைரேகை மாதிரி. மூத்தவள் பேக்கேஜ் கட்டிய அன்றே எண்களைக் குறித்துவைத்திருந்தாள். இப்போது பலகைக்குள் கிடக்கும் கோப்பின் எண்ணை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மூவரும் விரல் வைத்துப் படித்தார்கள். குறித்துவைத்த ஓர் எண்ணோடு கடைசி இலக்கம்வரை ஒத்தது.

"அப்ப யாரும் தொடல," என்றார் பூட்டு. "நீங்க கட்டினது கட்டினபடியே இருக்கு."

மூத்தவளின் முகம் சுருங்கியது. தன் வேலையில் குறையில்லை என்று கேட்டு வருத்தப்படுகிறவர்களைப் பூட்டு அதிகம் பார்த்ததில்லை.

"கோப்பைத் தொடலன்னா வேற எதையாச்சும் தொட்டிருப்பா," என்றாள். "நீங்க மாடிக்குப் போய்ப் பாருங்க."

*

"அக்கா அனுப்பினாங்களா?" என்றாள் இளையவள், திரும்பிப் பார்க்காமலே. முப்பது வயதிருக்கும். ஜன்னலோரச் சீட்டு உண்மையிலேயே நல்ல சீட்டுதான். கீழே தெருவும் ஒரு மரமும் தெரிந்தன.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள் வெடி.

"என் மேல புகார் வர்ற அன்னிக்கு மட்டும்தான் புது ஆளுங்க என்னைத் தேடி மாடி ஏறுவாங்க. உக்காருங்க. என்னோட இன்ஸ்டாலர் சுத்தம். காட்டட்டுமா?"

பூட்டு உட்கார்ந்தார். "முதல்ல ஒண்ணு. எல்லாப் பலகைக்கும் ஒரே பேக்கேஜ்தானா?"

"ஐயோ, நல்ல கேள்வி சார்!" இளையவள் நாற்காலியை முழுதாகத் திருப்பினாள். "இல்ல. ரெண்டு."

அவள் சொன்னது இது. ஒரு புரோகிராமை மனிதர்கள் எழுதுகிறார்கள். ஆனால் அதை ஓட்டப்போகும் சிப்புக்கு மனிதர்கள் எழுதியது புரியாது. அதன் சொந்தப் பேச்சில் மாற்றிக் கொடுக்க வேண்டும். பழைய பலகைகளில் முப்பத்திரண்டு பிட் என்கிற பழைய பேச்சு. போன வருஷம் வந்த புதுப் பலகைகளில் அறுபத்து நாலு பிட் என்கிற புதுப் பேச்சு. ஆகவே ஒரே புரோகிராமை இரண்டு முறை மாற்றி, இரண்டு பெட்டியில் கட்டி, எந்தப் பெட்டி எந்தப் பேச்சுக்காரருக்கு என்று மேலே ஒரு பெயர் எழுதவேண்டும். வில்லங்கம் அந்தப் பெயரில்தான் வருகிறது. பேச்சு ஒன்றுதான், பெயர் மட்டும் ஊருக்கு ஒன்று. புதுப் பேச்சை ஆர்ம்64 என்று ஒரு கூட்டம் அழைக்கும். அதையே ஏஆர்ச்64 என்று இன்னொரு கூட்டம் அழைக்கும். இரண்டும் சரி.

"அக்கா பெட்டி மேல ஆர்ம்64னு எழுதுவாங்க," என்றாள் இளையவள். "என்னோட இன்ஸ்டாலர் பலகையைப் பாத்து நீ யாருன்னு கேக்கும். பலகை ஏஆர்ச்64னு பதில் சொல்லும். அதனால நான் ஏஆர்ச்64னு வெச்சிருக்கேன்."

"அப்ப அவங்க பெட்டியை உங்க இன்ஸ்டாலர் எப்படி..."

"...கண்டுபிடிக்கும்? நடுவுல ஒரு பட்டியல் வெச்சிருக்கேன் சார். அவங்க பேருக்கு நேரா என் பேரு."

பூட்டு தொடங்கிய கேள்வியை இளையவள் முடித்துவிட்டாள். வெடி அதைக் கவனித்தாள். ஏழு வருஷமாக அவருடைய வாக்கியங்களை முடித்துவைக்கும் உரிமை அவளிடம்தான் இருந்தது.

"ஒரே ஆபீஸ், ஒரே வீடு. ஒரே பேர் வெச்சுக்கக் கூடாதா?" என்றாள் வெடி. குரலில் கொஞ்சம் மிளகாய் இருந்தது.

"அதை அக்காகிட்ட கேளுங்க. நான் வந்த மொத வாரமே சொன்னேன். 'நான் எட்டு வருஷமா வெச்ச பேரை நீ வந்து மாத்தறியா'ன்னாங்க. சரி, அவங்க மாத்த வேணாம். அவங்க வெச்ச பேரை நான் ஏன் வெச்சுக்கணும்?"

"பட்டியலைக் காட்டுங்க," என்றார் பூட்டு. மனத்துக்குள் வழக்கு முடிந்துவிட்டது அவருக்கு. இரண்டு பெண்கள், இரண்டு பெயர், நடுவில் ஒரு பட்டியல். ஒரு வரி மாறியிருக்கும்; அவ்வளவுதான்.

பட்டியலில் இரண்டே வரிகள். பலகை ஏஆர்ச்64 என்று சொன்னால் ஆர்ம்64 பெட்டி. பலகை ஆர்ம்வி7 என்று பழைய பேச்சின் பெயரைச் சொன்னால் ஆர்ம்எச்எஃப் பெட்டி. பூட்டு மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார். தப்பே இல்லை.

"போச்சு," என்றாள் வெடி. "பாஸ் முகத்துல இருந்த வெளிச்சம் பலகை மாதிரியே அணைஞ்சிடுச்சு."

பூட்டு அசரவில்லை. "கீழ மேஜைல கிடக்கிற பலகை காலைல உங்க இன்ஸ்டாலர்கிட்ட என்ன பேர் சொல்லிச்சு?"

இளையவள் பதிவைத் திறந்தாள். 'பலகை சொன்ன பெயர்: ஏஆர்ச்64. இறக்கிய பெட்டி: ஆர்ம்64.'

"கேட்டது, சொன்னது, குடுத்தது எல்லாம் சரி. பாத்தீங்களா? என் மேல..." அவள் நிறுத்தினாள். திரைக்கு அருகில் போனாள். "இருங்க. கீழ இருக்கிறது எந்த ஸ்டாப் பலகை?"

வெடி மூடியின் மேலிருந்த எண்ணைச் சொன்னாள்.

"அது பழைய பலகையாச்சே! அது ஆர்ம்வி7னு இல்ல சொல்லணும்? புதுப் பேர் எப்படிச் சொல்லுது?"

மற்ற நாற்பத்தாறின் பதிவுகளையும் திறந்தார்கள். நாற்பத்தேழும் பழைய பலகைகள். நாற்பத்தேழும் புதுப் பெயர் சொல்லியிருந்தன.

"பலகையே பொய் சொல்லுதா?" என்றாள் வெடி.

"பலகைக்குப் பொய் சொல்லத் தெரியாது. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க." இளையவளின் குரல் தணிந்தது. "பழைய பலகையெல்லாம் அக்கா பொறுப்பு சார். என்னை மாட்டிவிடறதுக்கு அவங்களே..." மேலே சொல்லவில்லை. ஆனால் கண்ணில் ஒரு பளபளப்பு வந்துவிட்டது. கீழே கைப்பேசியில் ஒரு புகார் தயாராக இருப்பது அவளுக்குத் தெரியாது; மேலே இன்னொன்று அந்த நிமிடத்தில் தயாராகிக்கொண்டிருந்தது.

*

"இன்னொரு பழைய பலகை வேணும்," என்றார் பூட்டு. "யார் கையும் படாதது."

சாமான் அறையில், அட்டைப் பெட்டி பிரிக்காமல் ஒன்று இருந்தது. வெடி அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இளையவள் கை கொடுக்க வந்தபோது, "வேணாம்மா, எனக்கு மூச்சு வாங்கறதுதான் பிடிக்கும்," என்று சொல்லிவிட்டாள். மூத்தவள் ஹாலில் பஸ் டெப்போக்களோடு தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேஜையறை காலியாக இருந்தது. இரண்டு பலகைகளையும் அருகருகே குப்புறப் போட்டார்கள்.

"பூட்டு வேலைல ஒரு சங்கதி உண்டு," என்றார் பூட்டு. அவர் இரண்டு வாக்கியத்துக்குமேல் பேசப்போகிறார் என்று வெடிக்குப் புரிந்தது. "சாவி போட்டு திறக்கலன்னா எல்லாரும் 'திறக்கல'ன்னு மட்டும்தான் சொல்வாங்க. நான் எப்படித் திறக்கலன்னு கேப்பேன். சாவி உள்ளேயே போகலன்னா அது வேற வீட்டுச் சாவி. உள்ள போய், சுத்தி வந்து, அப்புறம் திறக்கலன்னா சாவில கோளாறு இல்ல, கதவுக்குப் பின்னாடி ஏதோ இல்ல. அந்த ஓட்டியை இந்தக் கைபடாத பலகைலயும் போட்டு ஓட்டுங்க. இது எப்படி மறுக்குதுன்னு பாப்போம்."

இளையவள் அதே கோப்பை, அதே புதுப் பேச்சுக் கோப்பை, கைபடாத பழைய பலகையில் வைத்து ஓட்டினாள்.

திரை சொன்னது: இந்தக் கோப்பின் வடிவம் புரியவில்லை.

பக்கத்துப் பலகையில் ஓட்டினாள். அப்படி ஒரு கோப்பு இல்லை.

மூவரும் இரண்டு பதில்களையும் மறுபடி படித்தார்கள்.

"ஒண்ணு 'புரியல'ங்குது, ஒண்ணு 'இல்ல'ங்குது," என்றாள் வெடி மெதுவாக. "'இல்ல'ன்னு சொல்றதுக்குக் கொஞ்சமாவது புரிஞ்சிருக்கணுமே பாஸ்?"

"அதான்," என்றார் பூட்டு. இந்த முறை வாக்கியத்தை முடித்தது வெடி. அவள் இளையவளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

இளையவளோ அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. மேஜையைச் சுற்றி நடக்கத் தொடங்கியிருந்தாள். "கெர்னல்! கெர்னலை மாத்தியிருக்காங்க!"

"தமிழ்ல சொல்லும்மா."

"பலகையை ஒரு வீடுன்னு வெச்சுக்கோங்கக்கா. கெர்னல்னா வாசல்காரன். எந்தப் புரோகிராம் உள்ள வந்தாலும் அவன் கைல கடிதாசு குடுத்துட்டுத்தான் போகணும். இந்தக் கைபடாத பலகைல இருக்கிறவன் பழைய வாசல்காரன். புதுப் பேச்சுல கடிதாசு குடுத்தா 'எனக்குப் புரியல'ன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிடுவான். அந்தப் பலகைல யாரோ புது வாசல்காரனைப் போட்டிருக்காங்க. சிப்புக்கு ரெண்டு பேச்சும் தெரியும், அதனால போடலாம். அவனுக்குப் புதுப் பேச்சும் வரும், பழசும் வரும். கடிதாசைப் படிச்சுட்டான். அதுல முதல் வரில என்ன எழுதியிருக்கும் தெரியுமா? 'என்னைப் பிரிச்சு ஓட்ட இன்னாரைக் கூப்பிடு'ன்னு. ஒவ்வொரு புரோகிராமுக்கும் அப்படி ஒரு துணையாள் வேணும். இவன் அந்த ஆளைத் தேடி வீட்டுக்குள்ள போறான். ஆனா வீட்டுக்குள்ள எல்லாரும் பழைய ஆளுங்க. புதுப் பேச்சுத் துணையாள் அங்க இல்லவே இல்ல. திரும்பி வந்து சொல்றான்..."

"'இல்ல'ன்னு," என்றார் பூட்டு. "கோப்பு இல்லன்னு சொல்லல. துணையாள் இல்லன்னு சொல்லியிருக்கு. யார் இல்லங்கிறதை மட்டும் சொல்லாம விட்டுடுச்சு."

"அப்ப பேர் விஷயம்?" என்றாள் வெடி.

"உங்க இன்ஸ்டாலர் 'நீ யாரு'ன்னு கேட்டப்ப பதில் சொன்னது யாரு?" என்று இளையவளைக் கேட்டார் பூட்டு.

இளையவள் நின்றுவிட்டாள். "வாசல்காரன்," என்றாள். "அவன் தன்னோட பேரைச் சொல்லிட்டான். உண்மையைத்தான் சொன்னான். நான் அதை வீட்டுக்காரங்க பேர்னு எடுத்துக்கிட்டேன்."

"வீட்டுக்காரங்க பேரைக் கேக்க வேற வழி கிடையாதா?"

இளையவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "உண்டு. பலகைக்குள்ள பேக்கேஜ் பதிவேடு இருக்கு. வீட்டுல இருக்கிற சாமான் அத்தனையும் அதுல பதிவாகியிருக்கும். அதைக் கேட்டா சரியா சொல்லும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"அது..." இளையவள் மேஜை விளிம்பைப் பார்த்தாள். "அது அக்கா வெச்ச பேர்ல பதில் சொல்லும். ஆர்ம்64, ஆர்ம்எச்எஃப்னு. அக்கா பேரெல்லாம் அங்கேருந்துதான் எடுத்திருக்காங்க. அதைக் கேட்டா பட்டியலே வேணாம். ஆனா அவங்கதான் சரின்னு ஆயிடுமே."

பூட்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

"வாசல்காரனைப் போட்ட தேதி தெரியுமா?"

தெரிந்தது. கெர்னல் கோப்பின்மேல் தேதியும் நேரமும் இருந்தன. போன மாதம் பன்னிரண்டாம் தேதி, மாலை ஐந்து பத்து. அலுவலகத்தில் எந்தப் பலகையில் எதை மாற்றினாலும் எழுதியாக வேண்டிய மாற்றப் புத்தகத்தில் அந்தத் தேதிக்கு ஒரு வரிகூட இல்லை.

"அன்னிக்கு என்ன விசேஷம்?" என்றாள் வெடி.

"ஒண்ணுமில்லக்கா. நாலு மணிக்கு மீட்டிங். என் புதுப் பலகைங்க பழசைவிட ரெண்டு செகண்ட் முன்னாடி எழுந்துக்குதுன்னு மேனேஜர் எல்லாரையும் கைதட்டச் சொன்னாரு."

வெடி அந்த நாற்பத்தேழு நிறுத்தங்களின் பட்டியலைக் கையில் எடுத்தாள். அவளுக்குச் சிப்பும் தெரியாது, கெர்னலும் தெரியாது. பதினொரு வருஷம் புகார் வாங்கியதில் தெருக்கள் தெரியும். விரலை வைத்து ஒவ்வொன்றாக இறக்கினாள். "பாஸ், இது ஒரே ரூட். போறப்ப இருபத்து நாலு ஸ்டாப், வர்றப்ப இருபத்து மூணு. இந்த ஆபீஸ் வாசல்ல ஆரம்பிக்குது." இளையவளிடம் திரும்பினாள். "உங்க வீடு எந்த ஸ்டாப்பும்மா?"

இளையவள் சொன்னாள். போகிற வரிசையில் கடைசிப் பெயர் அது.

"நீங்க வண்டில வர்றீங்க," என்றாள் வெடி. "பஸ்ல யாரு?"

*

மூத்தவளை மாடிப்படித் திருப்பத்தில் பிடித்தார்கள். பூட்டு இரண்டு பலகைகளும் எப்படி மறுத்தன என்பதை மட்டும் சொன்னார். அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள்.

"ஒரு மாசம் நல்லாத்தானே சார் ஓடிச்சு? ஒரு குறை இல்ல."

"புதுக் கெர்னலுக்குப் பழைய பேச்சும் தெரியும். பழைய புரோகிராம் இருந்தவரைக்கும் வம்பு இல்ல. காலைலதான் முதல் தடவையா இன்ஸ்டாலர் வந்து பேர் கேட்டுச்சு."

"ரெண்டு செகண்டு சார்." அவள் குரல் தேய்ந்திருந்தது. "எட்டு வருஷம் நான் பாத்துப் பாத்து வளத்த பலகைங்க. வெறும் ரெண்டு செகண்டுக்கு அவளுக்குக் கைதட்டறாங்க. நானும் தட்டினேன். எல்லாரும் பாக்கறாங்களே, தட்டாம இருக்க முடியுமா? கீழ வந்து, நான் வர்ற ரூட்ல மட்டும் கெர்னலை மாத்தினேன். என் பலகைங்களும் வேகமாச்சு. இன்னிக்கு மீட்டிங்ல எல்லாரும் பாக்கிற மாதிரி காட்டலாம்னு இருந்தேன். தினமும் பஸ்ல வர்றப்ப ஒவ்வொரு ஸ்டாப்பா பாத்துக்கிட்டே வருவேன். வயிறு குளிரும்."

"புத்தகத்துல எழுதல."

"எழுதினா அவ பாத்துடுவா. பாத்தா, அவளைப் பாத்துதான் நான் பண்ணேன்னு சொல்லிடுவா."

வெடிக்கு ஒரு நல்ல பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"காலைலேருந்து இது உங்களுக்கு ஞாபகமே வரலையா?" என்று மட்டும் கேட்டாள்.

"அவ என்ன பண்ணியிருப்பான்னுதான் யோசிச்சேன். நான் என்ன பண்ணேன்னு யோசிக்கவே இல்ல."

கைப்பேசி அவள் கையில் இருந்தது. புகார் இன்னும் அதில் இருந்தது. "சொன்னா தலைவி வேலை அவளுக்குப் போயிடும். சொல்லலன்னா..." அவள் பூட்டைப் பார்த்தாள். "நீங்க வெளில சொல்லுவீங்களா?"

"யாருன்னு கண்டுபிடிக்கச் சொன்னீங்க. கண்டுபிடிச்சுட்டேன். என்ன பண்றதுன்னு நீங்க கேக்கல."

அவள் அங்கேயே படியில் உட்கார்ந்தாள். மேலே இளையவளின் நாற்காலி கிறீச்சிட்டது. மூத்தவள் அந்தச் சத்தத்தைத் தலை தூக்கிக் கேட்டாள். பிறகு எழுந்து, கீழே போய், மாற்றப் புத்தகத்தைத் திறந்து, பன்னிரண்டாம் தேதிக்கு நேராகத் தன் கையால் எழுதினாள்: பழைய பலகைகள் நாற்பத்தேழில் கெர்னலை மாற்றியது நான்.

புகாரை அழித்தாளா என்று பார்க்க வெடி எட்டிப் பார்த்தாள். அழித்தாள். இரண்டு முறை தடவிப் பார்த்து, நிச்சயம் செய்துகொண்டாள்.

*

நாலு மணிக் கூட்டம் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. மூத்தவள் நின்றபடி சொன்னாள். இளையவளும், யாரும் கேட்காமலே, எழுந்து தன் பங்கைச் சொன்னாள்: பதிவேட்டைக் கேட்கலாம் என்று தெரிந்தும், அது அக்காவின் பெயரில் பதில் சொல்லும் என்பதற்காகவே கேட்காமல் விட்டதை. மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்து பலகையை அணைச்சிருக்கீங்க. தனியா ஒருத்தரால இது முடிஞ்சிருக்காது," என்றார். தலைவி இளையவள்தான் என்று அறிவித்தார்.

கைதட்டினார்கள். மூத்தவளும் தட்டினாள்.

"வயிறு எரியுதா?" என்று வெடி காதோரம் கேட்டாள்.

"எரியாம? திகுதிகுன்னு எரியுது." மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்: "தலைவி நீயே இரு. ஆனா பேரு நான் வெச்சதுதான்."

"சரிக்கா," என்றாள் இளையவள். "என் பட்டியலைத் தூக்கிடறேன். புதுசா எழுதறதை நீங்க பக்கத்துல உக்காந்து படிங்க. எனக்குத் தெரியாம நீங்க எதையும் போட வேணாம், உங்களுக்குத் தெரியாம நானும் போடல."

மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலோரச் சீட்டில். எதையும் மெச்சாமல், ஒரு வரி விடாமல் படித்தாள். ஐந்து மணிக்குப் புது இன்ஸ்டாலர் போயிற்று. கெர்னல்களை யாரும் தொடவில்லை. அவை அப்படியே இருந்தன. நாற்பத்தேழு பலகைகளிலும் இந்த முறை பதிவேடு பதில் சொன்னது: ஆர்ம்எச்எஃப். பழைய பேச்சுப் பெட்டி இறங்கியது. ஐந்து இருபதுக்குக் கடைசிப் பலகை சிவப்பு எழுத்தைக் காட்டியது.

மாற்றப் புத்தகத்தில் அன்றைய தேதிக்கு இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட வரிகள் இவை: எந்தப் பேக்கேஜை இறக்குவது என்று கெர்னலைக் கேட்கக் கூடாது. பலகையின் பேக்கேஜ் பதிவேட்டைக் கேட்க வேண்டும். பதிவேடு சொல்கிற பெயரையே பெட்டியிலும் எழுத வேண்டும், இன்ஸ்டாலரிலும் எழுத வேண்டும், இந்தப் புத்தகத்திலும் எழுத வேண்டும். ஒரு சிப்புப் பேச்சுக்கு ஒரே பெயர்.